மரக் கடைசல் லேத்துக்கு வேகக் குமிழ்: மோட்டார், டிரைவ், பெல்ட் பற்றி ஓர் எளிய விளக்கம்

சின்ன மரக் கடைசல் லேத் வாங்கியவர்கள் பெரும்பாலும் சில மாதங்களில் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். பூரிக்கட்டை, பம்பரம், ஸ்டூல் கால் எல்லாம் நன்றாகவே வரும். கொஞ்சம் பெரிதாக ஒரு கிண்ணம் கடைந்து பார்க்கலாம் என்று 12 அங்குலக் கட்டையை மாட்டி ஸ்விட்சைப் போட்டால், லேத் மேஜையோடு சேர்ந்து நகர ஆரம்பிக்கும். பெல்ட்டைக் கடைசிப் படிக்கு இறக்கினாலும் வேகம் அதிகம்தான். அதற்குக் கீழே படியே இல்லை. “ஃபேனுக்கு ரெகுலேட்டர் இருக்கிற மாதிரி இதற்கும் ஒன்று போட்டால் என்ன?” என்று அப்போது தோன்றும்.

வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழ் வைக்க முடியும். ஆனால் ஃபேன் ரெகுலேட்டரை வைத்து அதைச் செய்ய முடியாது. ஏன் முடியாது, வேறு எதை வைக்க வேண்டும், வைத்தபிறகு பழைய பெல்ட்டையும் புல்லியையும் என்ன செய்வது என்பதை இங்கே பார்ப்போம். நம் ஊர்ப் பட்டறைகளிலும் வீட்டு மொட்டைமாடிகளிலும் அதிகம் காணப்படும் லேத்தையே எடுத்துக்கொள்கிறேன்: அரை எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார், மூன்று படி புல்லி (அடுக்கடுக்காக மூன்று விட்டங்கள் உள்ள சக்கரம்), ஒரு வி-பெல்ட்.

வேகம் எதற்காக மாற வேண்டும்

லேத் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்.பி.எம்.) சுற்றுகிறது என்பது உளிக்குத் தெரியாது. தன் விளிம்பைத் தாண்டி மரம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். 50 மி.மீ. விட்டமுள்ள பூரிக்கட்டை 1500 ஆர்.பி.எம்-இல் சுற்றும்போது அதன் மேற்பரப்பு நொடிக்கு ஏறக்குறைய 4 மீட்டர் ஓடுகிறது, அதாவது மணிக்கு 14 கி.மீ. அதே 1500-இல் 300 மி.மீ. கிண்ணக் கட்டையைச் சுற்றவிட்டால் அதன் ஓரம் நொடிக்கு 23.5 மீட்டர் ஓடும். மணிக்கு 85 கி.மீ. மோட்டார், பெல்ட், புல்லி எல்லாம் அதேதான்; மரத்தின் விட்டம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

கடைசல் வேலை செய்பவர்களிடம் ஒரு தோராயக் கணக்கு உண்டு. விட்டத்தை அங்குலத்தில் எடுத்து ஆர்.பி.எம்-ஆல் பெருக்கினால் விடை 6000-இலிருந்து 9000-க்குள் இருக்க வேண்டும். 12 அங்குலக் கட்டைக்கு 500 முதல் 750 வரை வரும். 4 அங்குலத்துக்கு 1500 முதல் 2250 வரை. 2 அங்குலக் கட்டைக்கு 3000-க்கு மேல் போகலாம் என்று இந்தக் கணக்கு சொல்லும். ஆனால் புதிதாகப் பழகுபவர் அந்த உயரத்துக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. முக்கியமான இன்னொன்று: இந்தக் கணக்கு உருண்டையாகிவிட்ட மரத்துக்கு மட்டும். சதுரமாக அறுத்த கட்டை, பட்டை உரிக்காத துண்டு, ஒரு பக்கம் முடிச்சு விழுந்த வேம்பு என்றால் கணக்கில் வரும் வேகத்துக்கு நன்றாகக் கீழேயிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஏனென்று பார்ப்போம். கட்டையின் ஒரு பக்கம் 100 கிராம் அதிக எடை என்று வையுங்கள். அந்த எடை நடுவிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்கிறது. 600 ஆர்.பி.எம்-இல் அது, கட்டையைச் சுற்றும் தண்டான ஸ்பிண்டிலை வெளிப்பக்கமாக இழுக்கும் விசை 6 கிலோ எடைக்குச் சமம். 1200-இல் அது 12 ஆகாது, 24 ஆகிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் இந்த இழுப்பு நான்கு மடங்காகும். 1500-இல் 37 கிலோவைத் தாண்டும். ஒரு கைப்பிடி மரத்தூள் அளவு எடை, ஒரு சிமென்ட் மூட்டையின் முக்கால் பங்கு கனமாகி, நொடிக்கு 25 தடவை திசை மாறி மாறி லேத்தை இழுக்கிறது. மேஜை நகர்வது இதனால்தான். கட்டை, அதைப் பிடித்திருக்கும் சக்கிலிருந்து பிய்த்துக்கொண்டு முகத்துக்கு வருவதும் இதனால்தான்.

இதோடு லேத்துக்கென்று ஒரு குணமும் இருக்கிறது. ஒவ்வொரு லேத்தும், அதன் ஸ்டாண்டும், அன்று மாட்டியிருக்கும் கட்டையும் சேர்ந்து ஏதோ ஒரு வேகத்தில் மட்டும் அதிகமாக அதிரும். அதற்குச் சற்று மேலேயோ கீழேயோ போனால் அடங்கிவிடும். படி புல்லி மட்டும் உள்ள லேத்தில் அந்த அதிர்வு சரியாக உங்கள் படியிலேயே வந்து விழுந்தால் ஒன்றும் செய்ய முடியாது. குமிழ் இருந்தால் ஒரு நூல் அளவு திருகி அதைத் தாண்டிவிடலாம். வேகத்தைக் குமிழால் மாற்றுவதில் எனக்குப் பெரிய லாபமாகத் தெரிவது இந்த நுணுக்கமான நகர்த்தல்தான். மிக மெதுவாகச் சுற்றுவது, மிக வேகமாகச் சுற்றுவது எல்லாம் அடுத்துதான்.

கயிற்றை ஒருவர் இழுக்க இன்னொருவர் உளி பிடித்த காலத்தில் இந்தப் பிரச்சினை வந்திருக்காது. வேகம் இழுப்பவர் கையில் இருந்தது. கட்டையைப் பார்த்து இழுத்தார். மோட்டார் வந்த பிறகுதான் வேகம் ஒரே இடத்தில் நின்றுகொண்டது. அம்பாசமுத்திரம் பக்கம் மரச் சொப்பு கடைபவர்களும் சென்னபட்டணா பொம்மைக்காரர்களும் அரக்குக் குச்சியைச் சுற்றும் மரத்தில் அழுத்திப் பிடித்து, உராய்வுச் சூட்டிலேயே அரக்கை உருக்கி ஏற்றுவார்கள். வேகம் போதாவிட்டால் அங்கே சூடு வராது. ஒரே பொருளிலேயே கடைய ஒரு வேகம், நிறம் ஏற்ற ஒரு வேகம்.

ரெகுலேட்டர் ஏன் ஒத்துவராது

லேத்தில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். இதன் வேகத்தை வோல்டேஜ் தீர்மானிப்பதில்லை. கரண்ட் நொடிக்கு எத்தனை முறை முன்னும் பின்னுமாக ஒரு முழுச் சுழற்சி போய்வருகிறது (ஹெர்ட்ஸ்) என்பதும், மோட்டாருக்குள் எத்தனை காந்த முனைகள் வரும்படி காயில் கட்டியிருக்கிறார்கள் என்பதும்தான் தீர்மானிக்கின்றன. நம் வீட்டுக்கு வருவது 50 ஹெர்ட்ஸ். 120-ஐ 50-ஆல் பெருக்கி முனைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் உள்ளே காந்தப் புலம் சுற்றும் வேகம் கிடைக்கும். 4 முனை மோட்டாருக்கு அது 1500. மோட்டாரின் சுற்றும் பகுதியான ரோட்டர் அதைத் துரத்திக்கொண்டே கொஞ்சம் பின்தங்கி ஓடும், அதனால் நேம் பிளேட்டில் 1420, 1440 என்று போட்டிருக்கும். 2 முனை என்றால் 3000, ஓட்டத்தில் 2800-க்கு மேல்.

இப்போது வோல்டேஜை மட்டும் குறைத்தால் என்ன ஆகும்? காந்தப் புலம் அதே 1500-இல்தான் சுற்றும். ஆனால் மோட்டாரின் முறுக்கு விசை, அதாவது டார்க், வோல்டேஜின் வர்க்கத்தில் விழும். பாதி வோல்டேஜில் கால்வாசி டார்க். மரம் மட்டும் சுற்றும்போது வேகம் கிட்டத்தட்ட மாறியிருக்காது. உளியை வைத்ததும் மோட்டார் திணறும், ரோட்டர் வெகுவாகப் பின்தங்கும், காயிலில் கரண்ட் ஏறும், சூடாகும். கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் கருகும் வாசனை வரும்.

சீலிங் ஃபேனில் மட்டும் இது எப்படி வேலை செய்கிறது என்றால், அங்கே லோடு காற்று. வேகம் குறைந்தால் காற்றின் எதிர்ப்பும் தானாகவே வெகுவாகக் குறைந்துவிடும். மேலும் அந்த மோட்டாரே பின்தங்கி ஓடுவதற்கு ஏற்றபடி செய்யப்பட்டது. மரம் அப்படி விட்டுக்கொடுக்காது. வேகம் குறைந்தாலும் உளியில் அதே எதிர்ப்புதான்.

சிங்கிள் பேஸ் மோட்டாரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. லேத்தை நிறுத்திவிட்டு மோட்டார் பக்கம் காதை வையுங்கள். வேகம் குறைந்துகொண்டே வரும்போது ஒரு இடத்தில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அது உள்ளே இருக்கும் சென்ட்ரிஃப்யூகல் ஸ்விட்ச். மோட்டாரைக் கிளப்பிவிட ஒரு தனிக் காயிலும் கெபாசிட்டரும் உண்டு. முழு வேகத்தில் முக்கால்வாசி வந்ததும் இந்த ஸ்விட்ச் அவற்றை வெட்டிவிடும். அந்தக் காயில் சில நொடிகள் மட்டும் கரண்ட் தாங்கும்படி கட்டப்பட்டது. நீங்கள் மோட்டாரை மெதுவாக ஓட்டினால் ஸ்விட்ச் திரும்ப மூடிக்கொள்ளும், கிளப்பும் காயில் தொடர்ந்து கரண்ட் வாங்கி எரிந்துபோகும். ஆகவே இந்த வகை மோட்டாரை வைத்துக்கொண்டு எந்தப் பெட்டியை வாங்கினாலும் பயனில்லை. மோட்டாரையே மாற்ற வேண்டும்.

“டிரில்லிங் மெஷினில் விசையை அழுத்த அழுத்த வேகம் கூடுகிறதே?” என்று கேட்கலாம். அது பிரஷ் வைத்த மோட்டார், மிக்ஸியில் இருப்பதும் அதே ஜாதி. அதற்கு வோல்டேஜைக் குறைத்தாலே போதும். ஆனால் லோடு ஏறினால் வேகம் சட்டென்று விழும், லோடு நீங்கினால் ஏறும். கடைசலுக்கு அந்தக் குணம் ஆகாது.

டிரைவ் என்ன செய்கிறது

வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது என்றால் ஹெர்ட்ஸை மாற்ற வேண்டியதுதானே? அதைச் செய்யும் பெட்டிதான் வி.எஃப்.டி. ஃபேக்டரியில் எல்லோரும் வெறுமனே ‘டிரைவ்’ என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். வீட்டுக் கரண்டை வாங்கி முதலில் டி.சி.யாக மாற்றும், 230 வோல்ட் ஏ.சி. உள்ளே 325 வோல்ட் அளவு டி.சி. ஆகிறது. பெரிய கெபாசிட்டர்கள் அதைத் தேக்கி வைக்கும். பிறகு ஆறு மின்னணு ஸ்விட்சுகள் அந்த டி.சி.யை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி, வேண்டிய ஹெர்ட்ஸில் மூன்று பேஸாக மோட்டாருக்கு அனுப்பும். மோட்டாரிலிருந்து மெல்லிய ‘கீ’ என்ற சத்தம் வருவது இந்த வெட்டலால். எரிச்சலாக இருந்தால் செட்டிங்கில் வெட்டும் வேகத்தைக் கூட்டினால் சத்தம் காதுக்கு எட்டாமல் போகும், ஆனால் டிரைவ் கொஞ்சம் அதிகம் சூடாகும்.

ஹெர்ட்ஸைக் குறைக்கும்போது டிரைவ் வோல்டேஜையும் அதே விகிதத்தில் குறைக்கிறது. 50 ஹெர்ட்ஸுக்கு 230 வோல்ட், 25-க்கு 115. இந்த விகிதம் மாறாதவரை மோட்டாருக்குள் காந்தப் புலத்தின் பலம் மாறாது, டார்க்கும் மாறாது. ரெகுலேட்டருக்கும் டிரைவுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். ஆனால் டார்க் அப்படியே இருந்து வேகம் பாதியானால் பவரும் பாதியாகும். 1 எச்.பி. மோட்டார் 25 ஹெர்ட்ஸில் அரை எச்.பி.தான். 50-க்கு மேலே போனால் வேறு கதை: ஹெர்ட்ஸ் ஏறும், வோல்டேஜ் 230-ஐத் தாண்ட முடியாது, டார்க் குறைந்துகொண்டே வரும். சின்னக் கட்டைகளை வேகமாகச் சுற்ற அது பரவாயில்லை.

இன்னொரு வசதி, டிரைவுக்கு உள்ளே சிங்கிள் பேஸ் வந்தால் போதும், வெளியே மூன்று பேஸ் கிடைக்கும். த்ரீ பேஸ் சர்வீஸ் வாங்கத் தேவையில்லை. த்ரீ பேஸ் மோட்டாரில் கெபாசிட்டரும் கிடையாது, ‘டிக்’ ஸ்விட்சும் கிடையாது. பழைய சாமான் கடையிலும் நல்ல மோட்டார் கிடைக்கும்.

மோட்டாரின் டெர்மினல் பாக்ஸைத் திறந்து பாருங்கள்

இந்த ஒரு விஷயத்தில் நிதானமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. சிங்கிள் பேஸ் உள்ளே வாங்கும் சாதாரண டிரைவ் வெளியே கொடுப்பது 230 வோல்ட் த்ரீ பேஸ். நம் ஊரில் விற்கும் த்ரீ பேஸ் மோட்டாரோ 415 வோல்டுக்கானது. அப்படியானால் எப்படிப் பொருந்தும்?

1 எச்.பி., 2 எச்.பி. போன்ற சின்ன மோட்டார்களைப் பெரும்பாலும் ஸ்டார் இணைப்பில், அதாவது மூன்று காயில்களின் ஒரு முனையை ஒன்றாக முடிந்து, கட்டியிருப்பார்கள். ஸ்டாரில் 415 வோல்ட் கொடுத்தால் ஒவ்வொரு காயிலுக்கும் கிடைப்பது 240-தான். அதே காயில்களை டெல்டாவாக, அதாவது ஒன்றின் முனையை அடுத்ததோடு சேர்த்து முக்கோணமாக, மாற்றி 230 கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 230 கிடைக்கும். மோட்டாருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கரண்ட் மட்டும் 1.73 மடங்கு ஏறும்: ஸ்டாரில் 1.8 ஆம்பியர் எடுத்த 1 எச்.பி. மோட்டார் டெல்டாவில் 3.1 ஆம்பியர் எடுக்கும்.

டெர்மினல் பாக்ஸில் இரண்டு வரிசையாக ஆறு போல்ட் இருந்தால் வேலை சுலபம். ஒரு வரிசையின் மூன்று போல்ட்டையும் பித்தளைப் பட்டை குறுக்காக இணைத்திருந்தால் அது ஸ்டார். அந்தப் பட்டைகளைக் கழற்றி, மேல் போல்ட்டும் கீழ் போல்ட்டும் சேரும்படி நெடுக்காக மூன்று பட்டைகளாகப் போட்டால் டெல்டா. மூடியின் உட்புறத்தில் படம் ஒட்டியிருக்கும், அதைப் பார்த்துச் செய்யுங்கள். மூன்று ஒயர் மட்டுமே வெளியே வந்திருந்தால் ஸ்டார் முனையை உள்ளேயே முடிந்துவிட்டார்கள் என்று அர்த்தம். காயில் கட்டும் கடையில் கொடுத்தால் அந்த முடிச்சைத் தேடிப் பிரித்து ஆறு ஒயராக வெளியே எடுத்துத் தருவார்கள். அவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை.

மாற்றாமல் ஸ்டாரிலேயே விட்டால்? மோட்டார் ஓடும், அதுதான் வம்பே. ஒவ்வொரு காயிலுக்கும் 133 வோல்ட்தான் போகும், டார்க் மூன்றில் ஒரு பங்கு. சும்மா சுற்றும்போது எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். உளியை வைத்ததும் நிற்கும். டிரைவ் மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் டெர்மினல் பாக்ஸைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. நேம் பிளேட்டில் 415 வோல்ட் என்பதோடு டெல்டா என்றும் போட்டிருந்தால் (3 எச்.பி.யும் அதற்கு மேலும் பெரும்பாலும் அப்படித்தான்) அந்த மோட்டார் இந்த வேலைக்கு வேண்டாம்.

12 அங்குலம் வரை கடையும் லேத்துக்கு 1 எச்.பி., 4 முனை மோட்டார் போதும். டிரைவ் 0.75 கிலோவாட் என்று போட்டது. எச்.பி. பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்காமல், டிரைவ் வெளியே கொடுக்கும் ஆம்பியர் மோட்டாரின் டெல்டா ஆம்பியரைவிட அதிகமா என்று பாருங்கள். உள்ளே வாங்கும் கரண்ட் இதைவிட வெகு அதிகம், முழு லோடில் 8, 9 ஆம்பியர் வரை போகும். ஆகவே சின்ன 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் ஆகாது. 16 ஆம்பியர் பாயின்ட், தனி எம்.சி.பி., ஒழுங்கான எர்த் மூன்றும் வேண்டும்.

பெல்ட்டைக் கழற்றி எறியாதீர்கள்

டிரைவ் மாட்டியவுடன் பலர் செய்வது: “இனிமேல் பெல்ட் மாற்றும் தொல்லையே இல்லை” என்று ஏதோ ஒரு படியில் பெல்ட்டை நிரந்தரமாக விட்டுவிட்டு எல்லா வேகத்தையும் குமிழிலேயே எடுக்கப் பார்ப்பது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: பெல்ட்டும் டிரைவும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல, இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்ய வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மோட்டாரில் 60, 90, 120 மி.மீ. படிகள், ஸ்பிண்டிலில் அதற்கு எதிராக 120, 90, 60. மோட்டார் 1440-இல் ஓடும்போது ஸ்பிண்டில் வேகம் 720, 1440, 2880. இதுதான் பழைய லேத்தின் மூன்று வேகங்கள். இப்போது டிரைவை 15-இலிருந்து 60 ஹெர்ட்ஸ் வரை மட்டும் பயன்படுத்துவோம். கீழ்ப்படியில் ஏறக்குறைய 216 முதல் 864 வரை கிடைக்கும். மேல்படியில் 864 முதல் 3456 வரை. ஒன்று முடியும் இடத்தில் மற்றது தொடங்குகிறது. நடுப்படி 432 முதல் 1728 வரை, இரண்டுக்கும் நடுவில் தாராளமாக உட்கார்ந்திருக்கிறது. தினசரி வேலையில் முக்கால்வாசியை அந்த நடுப்படியிலேயே முடித்துவிடலாம். பெரிய கிண்ணம் மாட்டும்போது மட்டும் பெல்ட்டை இறக்கினால் போதும்.

இறக்கியே ஆக வேண்டுமா? 1 எச்.பி. மோட்டாரின் முழு லோடு டார்க் ஏறக்குறைய 5 நியூட்டன் மீட்டர். கீழ்ப்படியில் வேகம் பாதியாவதால் ஸ்பிண்டிலில் அது 10 ஆகிறது. 12 அங்குலக் கட்டையின் ஓரத்தில் உளிக்கு எதிராகத் தள்ள 6.5 கிலோ விசைக்கு மேல் இருக்கிறது. தாராளம். அதே 216 ஆர்.பி.எம்-ஐ மேல்படியிலேயே எடுக்கப் பார்த்தால் மோட்டார் 4 ஹெர்ட்ஸுக்கும் கீழே ஊர வேண்டும். ஸ்பிண்டிலில் டார்க் 2.5-தான், ஓரத்தில் 1.7 கிலோ. சற்று அழுத்தமாக உளியை வைத்தால் கட்டை நின்றுவிடும். அந்த அடிமட்ட வேகத்தில் மோட்டார் முழு டார்க்கைத் தருவதும் சந்தேகம். மலிவு டிரைவுகள் அங்கே தடுமாறும். டார்க் பூஸ்ட், வெக்டர் மோடு என்று செட்டிங்கில் இருப்பவை ஓரளவு கைகொடுக்கும்.

சூடும் இருக்கிறது. மோட்டாரின் பின்னால் இருக்கும் விசிறி அதே ஷாஃப்டில்தான் மாட்டியிருக்கிறது. மோட்டார் மெதுவாகச் சுற்றினால் விசிறியும் மெதுவாகச் சுற்றும், காற்று வராது. ஆனால் உளியின் லோடுக்கு ஏற்பக் காயிலில் ஓடும் கரண்ட் குறைவதில்லை. 15 ஹெர்ட்ஸுக்குக் கீழே தொடர்ந்து அரை மணி நேரம் கனமாகக் கடைந்துவிட்டு மோட்டார் மேல் கையை வைத்துப் பாருங்கள், புரியும். கீழ்ப்படியில் மோட்டாரை 30, 40 ஹெர்ட்ஸில் ஓடவிட்டால் இந்தப் பிரச்சினையே எழாது.

ஒயரிங்கும் செட்டிங்கும்

ஒயரிங்கை எலக்ட்ரீஷியன் செய்யட்டும். ஆனால் வீட்டு ஒயரிங் மட்டும் செய்பவருக்கு டிரைவ் பழக்கம் இல்லாமல் இருக்கலாம், அதனால் சிலவற்றை நீங்களும் தெரிந்துகொள்வது நல்லது. வீட்டுக் கரண்ட் வரவேண்டிய டெர்மினல் வேறு, மோட்டாருக்குப் போகும் யூ, வி, டபிள்யூ டெர்மினல்கள் வேறு. மாற்றிக் கொடுத்தால் ஸ்விட்ச் போட்ட நொடியே டிரைவ் போய்விடும், கியாரன்டியும் போய்விடும். நியூட்ரல் மோட்டாருக்குப் போகாது. எர்த் மட்டும் டிரைவுக்கும் மோட்டாருக்கும் லேத் பாடிக்கும் போக வேண்டும். டிரைவ் போட்டதும் வீட்டு ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் வெட்டிவிடும் ஸ்விட்ச்) விழுகிறது என்று சிலர் எர்த்தைக் கழற்றிவிடுவார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். டிரைவிலிருந்து எர்த்துக்குக் கொஞ்சம் கசிவு இயல்பாகவே இருக்கும், அதற்கேற்ற ஆர்.சி.சி.பி. போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும்.

டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஸ்விட்ச் எதுவும் வைக்கக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த ஒயரை வெட்டினால் டிரைவின் உள் ஸ்விட்சுகள் அடிபடும். லேத்தில் ஏற்கெனவே இருக்கும் பழைய ஸ்விட்சை அங்கே இழுத்துவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். அதை டிரைவின் முன்னால் வைத்து நிமிடத்துக்கொரு தரம் போட்டு அணைப்பதும் நல்லதல்ல; உள்ளே கெபாசிட்டரைச் சார்ஜ் செய்யும் பகுதி சீக்கிரம் களைத்துவிடும். ஓட்டவும் நிறுத்தவும் டிரைவிலேயே கன்ட்ரோல் டெர்மினல்கள் இருக்கின்றன. அங்கிருந்து மெல்லிய ஒயர் இழுத்து ஒரு பச்சை பட்டன், ஒரு சிவப்பு பட்டன், வேகத்துக்கு ஒரு 10 கிலோ ஓம் குமிழ் வைத்து, உளி பிடித்து நிற்கும் இடத்திலிருந்து கை எட்டும் தூரத்தில் மாட்டுங்கள். சிவப்பு பட்டனைக் கட்டை பறந்து வரும் பாதையைத் தாண்டிக் கை நீட்டாமல் தொட முடிய வேண்டும், அதனால் கட்டையின் மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக் பக்கம் வைப்பது வசதி.

கரண்ட் கட் ஆகித் திரும்ப வரும்போது லேத் தானாக ஓட ஆரம்பிக்கக் கூடாது. நம் ஊரில் இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. ஓட்ட ஒரு அழுத்து பட்டன், நிறுத்த ஒரு அழுத்து பட்டன் என்று மூன்று ஒயர் முறையில் இணைத்தால், கரண்ட் வந்தாலும் பச்சையை அழுத்தும்வரை அசையாது. மேனுவலில் ‘த்ரீ ஒயர் கன்ட்ரோல்’ என்று இருக்கும். முதல் நாளே மெயினை அணைத்துப் போட்டுச் சோதித்துவிடுங்கள்.

செட்டிங் பட்டியல் நூற்றுக்கு மேல் இருக்கும், பயப்பட வேண்டாம். தொட வேண்டியவை சில. மோட்டாரின் ஆம்பியர், அதுவும் டெல்டா ஆம்பியர். இதைச் சரியாகப் போட்டால்தான் மோட்டார் சூடேறுமுன் டிரைவ் நிறுத்தும். அதிகபட்ச ஹெர்ட்ஸ் 60, குறைந்தபட்சம் 10 அல்லது 15. வேகமேற 6, 7 நொடி.

நிறுத்தும் நேரம்தான் லேத்துக்கே உரிய விஷயம். சக்கும், கட்டையைத் திருகி மாட்டும் தட்டான ஃபேஸ் பிளேட்டும் ஸ்பிண்டிலில் மரையால் திருகி நிற்கின்றன. கடையும்போது உளியின் எதிர்ப்பு மரையை இறுக்கும். ஸ்பிண்டில் சட்டென்று நின்றால், கனமான கட்டையும் சக்கும் தம் வேகத்திலேயே தொடர்ந்து சுற்றி, மரையைக் கழற்றிக்கொண்டு தரையில் உருளும். ஆகவே நிறுத்தும் நேரத்தை 8, 10 நொடியாவது வையுங்கள், பெரிய கட்டைக்கு இன்னும் அதிகம். அல்லது பிரேக்கே இல்லாமல் தானாக ஓடி நிற்கும்படி விட்டுவிடலாம். மிக வேகமாக நிறுத்தச் சொன்னால் டிரைவும் ஒத்துக்கொள்ளாது. சுற்றும் கட்டையின் சக்தி திரும்ப உள்ளே வந்து வோல்டேஜ் ஏறி ‘ஓவர் வோல்டேஜ்’ என்று டிரிப் ஆகும். மரை கழன்றுவிடும் என்பதற்காகவே ரிவர்ஸையும் செட்டிங்கில் பூட்டி வைத்துவிடலாம். உப்புத்தாள் போடும்போது ரிவர்ஸ் சுகம்தான், ஆனால் சக்கைப் பூட்டும் ஸ்க்ரூ இருந்தால் மட்டும்.

மரத்தூள் டிரைவுக்கு எதிரி. அதன் விசிறி தூளை உறிஞ்சி உள்ளே படியவைக்கும், சூடு வெளியேறாது. தலைக்கு மேல் சுவரில், தூள் பறக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம், தாராளமான தகரப் பெட்டிக்குள் வடிகட்டிப் பஞ்சு வைத்த காற்றுத் துளைகளோடு மாட்டுங்கள். சின்ன டப்பாவுக்குள் காற்றுப் புகாமல் அடைத்தால் தூளுக்குப் பதில் சூட்டாலேயே போய்விடும். திறந்து சுத்தம் செய்யும்போது மெயினை அணைத்தபின் பத்து நிமிடம் பொறுங்கள். அந்த 325 வோல்ட் கெபாசிட்டர்களில் இன்னும் தேங்கியிருக்கும்.

வேறு வழிகள்

டிரைவ் ஒன்றுதான் வழி என்பதில்லை. வீட்டில் துணி காயப்போட மட்டும் பயன்படும் பழைய டிரெட்மில் இருந்தால் அதிலுள்ள டி.சி. மோட்டாரும் அதன் கன்ட்ரோலரும் லேத்தை ஓட்டும். வேகம் குறைந்தாலும் நன்றாக இழுக்கும். ஆனால் அது திறந்த மோட்டார், தூள் உள்ளே போகும், பிரஷ் தேயும். பலவற்றில் ஃப்ளைவீல் இடது மரையில் திருகியிருக்கும், தவறான பக்கம் சுற்றினால் கழன்று வரும். மேலே எச்.பி. என்று ஒட்டியிருப்பதை அப்படியே நம்பவும் வேண்டாம்.

திருப்பூர் மாதிரி ஊர்களில் தையல் மெஷின் சர்வோ மோட்டார் சுலபமாகக் கிடைக்கும், 550 வாட், 750 வாட் என்று. கன்ட்ரோலர் கூடவே வரும், ஒயரிங் கிட்டத்தட்ட இல்லை. பம்பரம், பேனா, சொப்பு அளவுக்குள் இருக்கும் சின்ன லேத்துக்கு எனக்குப் பிடித்தது இதுதான். 12 அங்குலக் கிண்ணத்துக்கு இதை நம்ப மாட்டேன்.

மின்னணு எதுவுமே இல்லாமல், கூம்புப் புல்லி இரண்டு நெருங்கி விலகுவதால் பெல்ட் ஏறி இறங்கி வேகம் மாறும் அமைப்பும் உண்டு. ரீவ்ஸ் டிரைவ் என்பார்கள். கியர் இல்லாத ஸ்கூட்டருக்குள் இருப்பது இதன் வாரிசுதான். பழைய லேத்தில் அது ஏற்கெனவே இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் செய்து மாட்டுவதற்குத் திருகாணி, புல்லி, ஸ்பிரிங் என்று ஆகும் செலவில் டிரைவே வாங்கிவிடலாம்.

எதை மாட்டினாலும் முதல் ஓட்டம் மரம் இல்லாமல்தான். சக்கையும் கழற்றிவிட்டு, ஸ்பிண்டில் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கவனியுங்கள். உளியைத் தாங்கும் டூல் ரெஸ்ட் இருக்கும் பக்கம் மரம் மேலிருந்து கீழே வர வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் யூ, வி, டபிள்யூ-வில் ஏதாவது இரண்டு ஒயரை இடம் மாற்றினால் போதும். அப்புறம் ஸ்பிண்டிலில் வெள்ளை டேப் ஒரு துண்டு ஒட்டி, கையடக்க டேக்கோமீட்டரால் ஒவ்வொரு படியிலும் 15, 30, 45, 60 ஹெர்ட்ஸுக்கு என்ன ஆர்.பி.எம். வருகிறது என்று அளந்து, குமிழுக்குப் பக்கத்தில் மார்க்கரால் எழுதி வையுங்கள். டிரைவ் காட்டுவது ஹெர்ட்ஸ் மட்டும்தான்; பெல்ட் எந்தப் படியில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கட்டை மாட்டும் ஒவ்வொரு முறையும் குமிழைக் கடைசிவரை குறைத்துவிட்டுப் பச்சையை அழுத்துங்கள்.